அளவுக்கு ஒரு நாணயம்

மனிதர்களில் ஆதாரக்காரர் என்று ஓர் இனம் உண்டு. காலில் முள் குத்தினால் நீங்களும் நானும் முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு நடப்போம். ஆதாரக்காரர் அப்படி அவசரப்பட மாட்டார். முதலில் முள்ளைப் படம் எடுப்பார்; பிறகு காலை எடுப்பார்; முள்ளும் காலும் சேர்ந்து இருப்பதை மூன்று பக்கத்திலிருந்து எடுப்பார்; முள்ளின் நீளம் பார்க்கிறவனுக்குப் புரியவேண்டுமே என்று பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து இன்னொரு முறை எடுப்பார்; தேதி, மணி, அன்றைக்கு அடித்த வெயில், செருப்பு செய்த கம்பெனி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கீழே கையெழுத்தும் போடுவார். முள்ளை எப்போது எடுப்பார் என்று கேட்கிறீர்களா? அது அவர் துறை இல்லை.

இந்த இனம் எல்லா நாட்டிலும் கிடைக்கிறது. ஆனாலும் அது தின்று கொழுத்துப் பெருகுவது எங்கள் நெப்ராஸ்காவில்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். இங்கே ஜூன் பிறந்தால் ஆலங்கட்டி மழை. ஆலங்கட்டி விழுந்தால் கூரை போச்சு. கூரை போனால் இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் என்றால் ஆதாரம். மழைக்கு மறுநாள் காலை தானியக் கிடங்குக் காபிக்கடையில் போய் உட்கார்ந்து பாருங்கள். யாருக்காவது அடிபட்டதா என்று ஒருவனும் கேட்க மாட்டான். "உங்க பக்கம் என்ன சைஸு?" என்றுதான் கேட்பான். பட்டாணி, நாணயம், கோல்ஃப் பந்து, டென்னிஸ் பந்து என்று அதில் ஒரு அந்தஸ்து வரிசை இருக்கிறது. பட்டாணி விழுந்த வீட்டுக்காரன் அன்றைக்கு வாயைத் திறக்காமல் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான்.

பிளம் ஃபோர்க் என்கிற எங்கள் ஊரில் இந்த இனத்துக்குத் தலைவர் ஆர்லின் குபிசெக். வயது அறுபத்தாறு. முப்பத்தொரு வருடம் மாவட்டச் சாலைத்துறையில் பாலங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதி ஓய்வு பெற்றவர். ஓடைப் பாலத்தில் விழுந்த விரிசலை முதன்முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். அது மயிரிழையாக இருந்த காலத்திலிருந்து முழங்கை நுழைகிற காலம் வரைக்கும் வருடம் தவறாமல் அளந்து, படமெடுத்து, பதினான்கு ஃபைல் போட்டு வைத்திருந்தார். இப்படிச் சீராட்டி வளர்த்த விரிசலை நான் பார்த்ததே இல்லை என்று மேலதிகாரி பாராட்டினாராம். ஒரு வசந்தகாலத்தில் பாலம் ஓடையோடு போய்விட்டது. ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆர்லினுக்கென்று ஒரு கேள்வி உண்டு. "எழுத்துல இருக்கா?" என்பதுதான் அது. நாளைக்கு மழை வருமாம் என்றால் அதைத்தான் கேட்பார். பாதிரியார் சொர்க்கத்தைப் பற்றிச் சொன்னாலும் அதைத்தான் கேட்பார். அங்கே மட்டும்தான் அவருக்கு உடனே பதில் கிடைக்கும். நாற்பது வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி லவோன் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னபோதும் இதையேதான் கேட்டார் என்று ஊரில் பேச்சு. லவோனிடம் விசாரித்தால் சிரிப்பார், மறுக்க மாட்டார்.

ஒவ்வொரு புத்தாண்டு அன்றும் நாமெல்லாம் தூங்கி எழுகிற நேரத்தில் ஆர்லின் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். சேதமாவதற்கு முன்னால் வீடு எப்படி இருந்தது என்று காட்டும் படங்கள் எடுக்கும் சடங்கு. அறை அறையாக, சுவர் சுவராக, அலமாரியைத் திறந்து வைத்தும் மூடி வைத்தும் எடுப்பார். தேதிக்குச் சாட்சியாக லவோன் அன்றைய செய்தித்தாளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படத்திலும் நிற்க வேண்டும். கொள்ளைக்கூட்டம் யாரையோ பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்டு அனுப்பிய படங்கள் மாதிரியே இருக்கும் அந்த ஆல்பம்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு பேரிடருக்காக எவ்வளவு ஏங்கியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அது ஜூன் ஒன்பதாம் தேதி மாலை நாலு இருபதுக்கு வந்தது.

பதினோரு நிமிடம் அடித்தது. கோல்ஃப் பந்துக்குக் கொஞ்சம் மேலே, டென்னிஸ் பந்துக்குக் கொஞ்சம் கீழே. ஊரில் எல்லாரும் நிலவறைக்கு ஓடியிருக்க, ஆர்லின் ஜன்னல் பக்கம் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கூரையில் வேய்ந்திருந்த தார் அட்டை ஓடுகள் ஒவ்வொன்றாகச் சிதறின. பக்கத்து வீட்டு டெல்மரின் காட்டன்வுட் மரத்திலிருந்து தொடை பருமன் உள்ள ஒரு கிளை முறிந்து வந்து, எல்லா இடத்தையும் விட்டுவிட்டு, லவோனின் தையலறைக்கு நேர் மேலே கூரையைக் குத்திக்கொண்டு நின்றது.

தையலறையில் என்ன இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையில் வேறு எதுவும் முக்கியம் இல்லை. அங்கே மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று இருந்தது. மாவட்டக் கண்காட்சிக்காக லவோன் அக்டோபரிலிருந்து தைத்து வந்தது. தைக்க வேண்டிய கோடுகளை நீல மையால் அதன்மேல் வரைந்து வைத்திருந்தார். அந்த வேலைக்கு மட்டும் ஒரு குளிர்காலம் பிடித்தது. அந்த மை தண்ணீர் பட்டால் மறைந்துவிடும், அதற்காகவே விற்கிற மை. சட்டம் கதவை விடப் பெரியது, வெளியே கொண்டுபோக முடியாது. அவிழ்த்தால் மூன்று அடுக்குத் துணியும் நழுவிவிடும். கண்காட்சிக்கு இன்னும் ஆறு வாரம். கிளை குத்திய வேகத்தில் சீலிங் அட்டை உப்பி, போர்வைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே லவோன் தன் பழைய ஃபோனை எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்று கூரையை நோக்கி ஒரு படம் எடுத்தார். ஒன்றே ஒன்று. அதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, ஃபோனும் செய்து பேசிவிட்டு உள்ளே வந்தார்.

"ஆர்லின், கம்பெனிப் பொண்ணு பேசுச்சு. சர்வேயர் வர எட்டு பத்து நாள் ஆவுமாம். அதுவரைக்கும் ஓட்டைய மூடி வைக்கணுமாம். கராஜ்ல அந்த நீலத் தார்ப்பாய் இருக்குல்ல?"

"மூடணும்னு சொல்லுச்சா? எழுத்துல இருக்கா?"

"ஃபோன்ல சொன்னது எப்படிப்பா எழுத்துல இருக்கும்?"

"அப்ப இல்லன்னு அர்த்தம். மூடிட்டா சர்வேயர் வந்து எதப் பாப்பாரு? ஓட்டைய மறைச்சிட்டாங்கன்னு எழுதிட்டுப் போயிருவாரு."

"மூடறதும் மறைக்கிறதும் ஒண்ணா?"

"படத்துல பாத்தா ஒண்ணுதான். எங்க, நீ அனுப்புன படத்தக் காட்டு."

காட்டினார். ஆர்லின் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். கூரை கொஞ்சம் சாய்ந்து இருந்தது. கிளை இருந்தது, ஓட்டை இருந்தது. இடது மூலையில் ஏதோ ஒன்று கொழுகொழுவென்று படத்தில் கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"என் கட்டை விரல்."

"கட்டை விரலுக்கும் சேத்து க்ளெய்ம் பண்றியா? நாணயம் எங்க? வடக்கு எது? இந்த ஓட்ட எவ்வளவு பெருசுன்னு ஒமாஹா ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு, ஆர்லின் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கையை உரசிக்கொண்டு ஏணியைத் தேடப் போனார்.

அடுத்த எட்டு நாள் அவர் வாழ்க்கையின் பொற்காலம்.

விடிந்ததும் கூரை ஏறுவார். சட்டைப் பையில் ஒரு பெட்டிச் சாக்கட்டி, ஒரு இருபத்தைந்து சென்ட் நாணயம். ஆலங்கட்டி பட்ட ஒவ்வொரு வடுவையும் தேடிப்பிடித்துச் சாக்கட்டியால் வட்டம் போடுவார், நாணயத்தை வைப்பார், எடுப்பார், அடுத்த வடுவுக்குப் போவார். காலை வெயிலில் நிழல் மேற்கே விழுகிறது என்று மாலையில் வந்து அதே வடுவை மறுபடி எடுப்பார். கூரை முடிந்ததும் மழைநீர்க் குழாய். குழாய் முடிந்ததும் ஏ.சி. பெட்டி, தபால் பெட்டி, பறவைக்குத் தீனி வைக்கிற கூண்டு, தோட்டத்தில் நின்ற சுண்ணாம்புக் குள்ளன் பொம்மையின் உடைந்த மூக்கு. கிழிந்துபோன ருபார்ப் செடி இலைகளைக்கூட விடவில்லை. ருபார்ப் இன்சூரன்ஸில் வராதே என்று டெல்மர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"வராதுன்னு எழுத்துல இருக்கா?" என்றார் ஆர்லின்.

டெல்மர் வீட்டுக் கூரையும்தான் பிய்ந்துபோயிருந்தது. மழை விட்ட அன்றைக்கே மைத்துனனைக் கூப்பிட்டு, பத்து நிமிடத்தில் தார்ப்பாயை இழுத்து ஆணி அடித்துவிட்டு, இரண்டு பேரும் பியர் பாட்டிலோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஆர்லின் அவரைப் பார்த்து மனதார இரக்கப்பட்டார்.

"பாவம், வெவரம் தெரியாதவன். ஆதாரத்த மொத்தமா மூடிட்டான்," என்று லவோனிடம் சொன்னார்.

"மூடிட்டாங்க. வீடு நனையாது," என்றார் லவோன்.

இத்தனை படத்தையும் ஃபோனில் வைத்திருந்தால் போதுமா? ஃபோன் தண்ணீரில் விழுந்தால்? ஆகவே எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டார். தாள் நனைந்தால்? ஆகவே லேமினேஷன் இயந்திரம் ஒன்று வாங்கி வந்தார். சாப்பாட்டு மேசையை நீளமாக்குகிற தனிப் பலகையையும் செருகி, அதன்மேல் இயந்திரத்தை வைத்து, இரவும் பகலும் பிளாஸ்டிக் உறைக்குள் கூரையை அடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தாளிலும் வரிசை எண், தேதி, திசை, நிழலின் நீளம். புருஷனும் பெண்டாட்டியும் முட்டைக்கோசு ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடிதான் சாப்பிட்டார்கள். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று படம். உறை தீர்ந்தபோது நானூற்றுப் பதினாறு தாள் தேறியிருந்தது. நாலு தடித்த ஃபைல்.

ஃப்ரீசர் கதையையும் சொல்லிவிட வேண்டும். மழை ஓய்ந்ததுமே ஆர்லின் ஒரு வாளி நிறைய ஆலங்கட்டி பொறுக்கி, லவோன் போன வருடம் உரித்து வைத்திருந்த மக்காச்சோளப் பைகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, ஃப்ரீசரில் வைத்துப் பூட்டினார். மூன்றாம் நாள் ஐந்து மணி நேரம் மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்தபிறகு திறந்து பார்த்தால், அத்தனை கட்டியும் உருகிச் சேர்ந்து உறைந்து, பூசணிக்காய் பருமனில் ஒரே ஆலங்கட்டியாக உட்கார்ந்திருந்தது. அதை எறிய அவருக்கு மனம் வரவில்லை. நாணயம் வைத்துப் படம் எடுத்து, எண்பத்தேழாவது சான்று என்று சீட்டு ஒட்டினார்.

லவோன் தினமும் ஒருமுறை கேட்டார். காலையில் காபி கொடுக்கும்போது ஒரே கேள்வி: "இன்னிக்கு மூடிரலாமா?" தினமும் ஒரே பதில்: "வானத்தப் பாரு, ஒரு மேகம் இல்ல. சர்வேயர் வந்துரட்டும்." கேட்டுவிட்டு லவோன் தையலறைக்குள் போய், தொங்குகிற சீலிங்குக்குக் கீழே உட்கார்ந்து தைப்பார். ஊசியை ஏற்றும்போது ஒருமுறை மேலே பார்ப்பார், இறக்கும்போது ஒருமுறை மேலே பார்ப்பார். தையல் கோணலாகப் போயிற்று, பிரித்துத் தைத்தார். எனக்கு இந்த இடத்தில் ஆர்லின்மேல் நிஜமாகவே கோபம் வந்தது. கேலியெல்லாம் அப்புறம்தான்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை. மதியம் ரேடியோவில் சொன்னார்கள்: மேற்கே மேகம் திரள்கிறது, நாலு மணிக்குப் பலத்த மழை. சர்வேயர் வருவது வெள்ளிக்கிழமை.

லவோன் தையலறையிலிருந்து எழுந்து நேராகக் கராஜுக்குப் போனார். தார்ப்பாய் இருந்த அலமாரியைத் திறந்தார். மூடிவிட்டு வந்தார்.

"தார்ப்பாய் எங்க?"

ஆர்லின் லேமினேஷன் இயந்திரத்தை அணைத்தார். "அது வந்து... தார் ஓடு சாம்பல் கலர் பாரு. புல்லுமேல வச்சு எடுத்தா எடுபடல. பின்னால நீலமா ஏதாச்சும் இருந்தா நல்லா தெரியும்னு..."

"சதுரம் சதுரமா வெட்டிட்ட."

"ரெண்டடிக்கு ரெண்டடி. ஆனா படம் ரொம்ப நல்லா வந்திருக்கு, பாக்கறியா?"

லவோன் பார்க்கவில்லை. இரும்புக்கடைக்கு ஃபோன் போட்டார். தார்ப்பாய் போன வாரமே தீர்ந்துவிட்டது. பக்கத்து ஊர்க் கடையிலும் இல்லை. மாவட்டத்தில் ஓட்டை விழுந்த கூரைக்காரர்கள் எல்லாரும் ஒன்பது நாளுக்கு முன்னாலேயே வாங்கி அடித்துவிட்டார்கள். கம்பெனியையே கேட்டுவிடலாம் என்று எண் தேடி முதல் ஃபைலைத் திறந்தார். அதில் பாலிசியின் அத்தனை பக்கமும் படமாக, லேமினேஷன் போட்டு, நாணயம் உட்பட இருந்தது. ஆர்லின் பாலிசியை முழுக்கப் படமெடுத்திருந்தார். படித்திருந்தார் என்று நான் சொல்லவே இல்லையே.

பத்தொன்பதாம் பக்கத்தில் லவோனின் விரல் நின்றது.

"ஆர்லின், இங்க வா. இது என்னன்னு வாசி."

ஆர்லின் வாசித்தார். வீட்டுக்கு மேலும் சேதம் வராமல் தடுக்க உரிமையாளர் உடனே தகுந்த ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும், செய்யாமல் விட்டதால் வரும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றும் போட்டிருந்தது. மெதுவாக இன்னொரு முறை வாசித்தார்.

"எழுத்துல இருக்கு," என்றார்.

"நாணயமும் இருக்கு," என்றார் லவோன்.

"இப்ப என்ன செய்யறது? தார்ப்பாய் இல்ல. இப்ப மணி ரெண்டே முக்கால்." பாலம் போன அன்றைக்கு அவர் எப்படி நின்றிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "லவோன், உன் போர்வ..."

லவோன் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு ஃபைல். நானூற்றுப் பதினாறு தாள். ஒவ்வொன்றும் தடித்த பிளாஸ்டிக்குக்குள்ளே, நாலு ஓரமும் ஒட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் நுழையாமல். ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். எழுபதுகளில் அப்பாவோடு கொட்டகை கொட்டகையாகக் கூரை வேய்ந்த பண்ணை வீட்டுப் பெண் அவர்.

"ஏணியப் போடு," என்றார்.

"எதுக்கு?"

"நீ போடு, சொல்றேன். மேசப் பலகையக் கழட்டு. டெல்மரக் கூப்பிடு, கிளைய இழுக்கணும்."

"கிளையா? அது முதல் சான்றாச்சே."

லவோன் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆர்லின் டெல்மரைக் கூப்பிடப் போனார்.

டெல்மர் கயிற்றைக் கட்டித் தன் வண்டியால் இழுத்தார். ஒன்பது நாள் வெயிலில் காத்திருந்த முதல் சான்று இரண்டு நிமிடத்தில் புல்தரையில் வந்து விழுந்தது. லவோன் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, வாய் நிறைய ஆணியைக் கவ்விக்கொண்டு கூரையில் ஏறினார். ஓட்டைக்கு மேலே மேசைப் பலகையைப் பொருத்தினார். அதற்கப்புறம் கீழிருந்து மேலாக, ஒன்றின் விளிம்பின்மேல் இன்னொன்று ஏற, தார் ஓடு வேய்கிற அதே முறையில் படங்களை வேய ஆரம்பித்தார். ஏணியில் பாதியில் நின்று தாள் எடுத்துக் கொடுக்கிற வேலை ஆர்லினுக்கு.

அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொரு தாளையும் கையில் எடுத்து, படித்து, பெருமூச்சு விட்டு, பிறகுதான் நீட்டினார்.

"இத வேணாம் லவோன். வடக்குச் சரிவு, காலைல ஏழு பதினாலு. இந்த மாதிரி வெளிச்சம் இன்னொரு தடவ கெடைக்காது."

"குடு."

"இதுல ஆணிய ஓரமா அடி. நடுவுல நாணயம் இருக்கு."

"ஆர்லின், மேற்க பாரு."

மேற்கே வானம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அதன்பிறகு அவர் படிப்பதை நிறுத்தினார். இரண்டு இரண்டாகக் கொடுத்தார், பத்து பத்தாகக் கொடுத்தார். ருபார்ப் இலை போயிற்று, சுண்ணாம்புக் குள்ளன் போனான், பத்தொன்பதாம் பக்கமும் போயிற்று. சுத்தியல் சத்தத்தோடு முதல் இடி கலந்தபோது மூன்றாவது ஃபைல் காலி. கடைசி வரிசையை லவோன் கூரை முகட்டோடு சேர்த்து அடித்துவிட்டு இறங்குவதற்கும் முதல் துளி விழுவதற்கும் சரியாக இருந்தது.

நாற்பது நிமிடம் கொட்டித் தீர்த்தது. இருவரும் தையலறையில் போர்வைக்கு இரண்டு பக்கமும் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உப்பிய சீலிங் அப்படியே இருந்தது. மேலே பிளாஸ்டிக்கின்மேல் மழை தடதடவென்று விழுகிற சத்தம் கேட்டது. ஒரு துளிகூட இறங்கவில்லை. நீலக் கோடுகள் போட்டது போட்டபடி இருந்தன. மழை விட்டதும் லவோன் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆர்லின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையில் ஃபோன் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எதையும் படம் எடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்த முதல் மாலை அது என்று லவோன் சொல்கிறார். அதற்கு ஆதாரம் இல்லை.

மறுநாள் காலை சர்வேயர் வந்தார். நோரீன் பெல்க் என்று பெயர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தினமும் ஏழெட்டுக் கூரை ஏறி இறங்கி இரண்டு முழங்காலிலும் பட்டை கட்டியிருந்தார். ஆர்லின் வாசலிலேயே ஒரு தட்டோடு நின்று வரவேற்றார்.

"இது என்ன சார்?"

"ஆலங்கட்டி. எண்பத்தேழாவது சான்று."

நோரீன் அந்தப் பூசணிக்காயை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். "இது மேலேர்ந்து விழுந்திருந்தா நீங்க கூரைக்கு க்ளெய்ம் போட்டிருக்க மாட்டீங்க சார். உங்க வீட்டம்மாதான் வேற பாலிசிக்குப் போட்டிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார். ஆர்லினும் லவோனும் கீழே நின்றார்கள்.

"சார், கூரை மேல என்னமோ பளபளன்னு இருக்கே, என்ன அது?"

"கூரை."

"அது தெரியுது. கூரைக்கு மேல?"

"கூரையோட படம்."

நோரீன் முழங்காலை மடக்கமுடியாமல் மடக்கிக் குனிந்து வாசிக்கத் தொடங்கினார். "வடக்குச் சரிவு... மூணாவது வரிசை... நிழல் நாலு அங்குலம்..." வாசித்துக்கொண்டே போனவர் முகட்டில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"யாரு அடிச்சது?"

"நான்தான்," என்றார் லவோன்.

"அடுக்கு பிரமாதம் மேடம். நேத்து மழைக்கு ஒண்ணும் எறங்கலியா?"

"ஒரு சொட்டு எறங்கல."

"இதுக்கு முந்தி பாத்த வீட்ல மூடவே இல்ல. சீலிங் மொத்தமா கட்டில் மேல கெடக்கு. அதுக்கு எதுவும் தர முடியாதுன்னு சொல்லிட்டு வர்றதுக்குள்ள எனக்கே அழுகை வந்திருச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு அளவு நாடாவை இழுத்தார்.

ஆர்லின் முன்னால் வந்தார். நாலாவது ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஃபோனையும் எடுத்தார். "மேடம், மேல ஆணி அடிச்சது போக இங்க கொஞ்சம் இருக்கு. ஃபோன்ல எல்லாமே இருக்கு. ஆயிரத்து நூத்து நாப்பத்து மூணு. ஆரம்பத்துலேர்ந்து பாத்துரலாமா?"

"வேணாம் சார். அதான் போன வாரமே முடிவாயிருச்சே."

"போன வாரமா?"

"மழைக்கு மறுநாளே. அம்மா அனுப்புன படத்தப் பாத்துட்டுக் கூரை மொத்தமும் மாத்தித் தரலாம்னு எழுதியாச்சு. நான் வந்தது எத்தன சதுர அடின்னு அளக்க."

கீழே இறங்கி வந்து தன் பலகைக் கணினியில் அந்தப் படத்தைக் காட்டினார். சாய்ந்த கூரை, கிளை, ஓட்டை. இடது மூலையில் கொழுகொழுவென்று அது.

"இதுல நாணயம் இல்லியே," என்றார் ஆர்லின். "ஓட்ட எவ்வளவு பெருசுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"கட்ட விரல் இருக்கே சார்," என்றார் நோரீன்.

லவோன் தன் கட்டை விரலை உயர்த்தி ஒருமுறை பார்த்துக்கொண்டு, கசகசா வைத்த ரொட்டி எடுத்துவர உள்ளே போய்விட்டார்.

புதுக் கூரை ஜூலையில் வந்தது. போர்வைக்குக் கண்காட்சியில் இரண்டாம் பரிசு, சிவப்பு நாடா. பழைய கூரையைப் பிரிக்க வந்தவர்களிடம் ஆர்லின் கெஞ்சிக் கேட்டு, ஆணி ஓட்டை விழுந்த படங்களையெல்லாம் திரும்ப வாங்கிவிட்டார். இப்போது ஒவ்வோர் ஓட்டையையும் நாணயம் வைத்துப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார். திருந்திவிட்டார் என்று நான் எழுதியிருக்கலாம், நீங்களும் நம்பியிருப்பீர்கள். அந்த இனம் திருந்தாது.

ஆர்லினைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள், சந்தோஷம். இப்போது உங்கள் கைபேசியைக் கொஞ்சம் எடுங்கள். படங்களில் பின்னால் தள்ளிக்கொண்டே போங்கள். சமையலறைக் குழாய் சொட்டுகிற படம் ஒன்று இருக்கிறதல்லவா? எப்போது எடுத்தது? குழாய் இப்போதும் சொட்டுகிறதா? மாடிச் சுவரில் ஈரம் ஏறியதை மூன்று மழைக்காலமாக எடுத்து வைத்திருக்கிறீர்களே, அது யாருக்காக? சரி, விடுங்கள், நான் எதற்கு உங்கள் வீட்டு விஷயத்தில் தலையிட வேண்டும்? இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, "அப்படியே நம்ம மச்சான்" என்று தோன்றி, அவருக்கு அனுப்புவதற்காக இந்தப் பக்கத்தைப் படம் பிடிக்கக் கைபேசியைத் தூக்கினீர்கள், நான் பார்த்துவிட்டேன். எடுங்கள், தப்பில்லை. நாணயம் தேட வேண்டாம். கட்டை விரல் போதும்.